அடுப்பை அணைத்தவள்

அந்தப் பெண் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிரில் நடுங்குகிறவர்கள் அப்படி உட்காருவார்கள். அன்றைக்கோ வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மாடி அறையில் மின்விசிறிகூட வெந்நீர் மாதிரி காற்றைத்தான் ஊற்றியது.

உங்களுக்கும் எனக்கும் அது வெறும் உட்காரும் தோரணை. அவளுக்கு அப்படியில்லை. பிறவியிலேயே காது கேட்காத பெண் அவள். பேசுவது கைகளால். அக்குளில் கைகளை இடுக்கிக்கொண்டாள் என்றால் வாயை இறுக மூடிக்கொண்டாள் என்று பொருள்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சமையலறையில் மாரடைப்பு வந்து விழுந்திருக்கிறார். மகள் அந்த நேரத்தில் முன்னறையில் இருந்திருக்கிறாள். “கத்தியிருப்பா. இவளுக்கு எங்க கேக்கப் போவுது?” என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் சைகை செய்வதை நிறுத்திவிட்டாள்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சைகை மொழிபெயர்ப்பாளர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்த என் அப்பாவுக்கும் காது கேட்காது, அம்மாவுக்கும் கேட்காது. எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் பக்கத்துத் தெருவரைக்கும் கேட்கும் என்பதே அவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரியும். பேச்சுக்கு முன்னால் சைகையைக் கற்றவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் அடிபட்ட கதைதான் இது.

எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். வீடியோ அழைப்பில் வந்தாள். “எழுதுங்க. ஆனா ‘பாவம்’னு ஒரு இடத்துல கூட வரக்கூடாது” என்றாள். பெயரை மாற்றவேண்டும் என்றதும் ‘ரித்திகா’ என்ற பெயரை அவளே எடுத்துக்கொண்டாள். எழுதிப் பார்க்க அழகாக இருக்கிறதாம்.

நாற்காலியை நகர்த்தியவள்

அவளைச் சந்திக்க வந்த ஆலோசகர் பெயர் நஸ்ரீன் என்று வைத்துக்கொள்வோம். ஆற்காட்டுக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. துயரத்தில் சிக்கிய பிள்ளைகளோடு பேசுவது அவள் வேலை. நேரேட்டிவ் தெரபி என்று சொன்னாள். “அப்டின்னா இன்னாமா?” என்று கேட்டேன்.

“பிள்ளைங்கள பத்தி ஊர்ல ஒரு கதை ஓடிக்கினு இருக்கும்க்கா. அதையே புள்ளையும் நம்பிடும். அந்தக் கதையில விட்டுப்போனது எவ்வளவோ இருக்கும். அத்த புள்ளையோட சேர்ந்து தேடுறது” என்றாள்.

கதை கேட்டால் துக்கம் போய்விடுமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

நான் எத்தனையோ டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். “அவகிட்ட கேளுங்க” என்பார்கள், எதிரே இருப்பவர் ஏதோ அடுத்த ஊரில் இருப்பதைப்போல. நஸ்ரீன் முதல் நிமிடத்திலிருந்தே ரித்திகாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் ரித்திகா அவளைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் காலண்டர் மாட்டிய கதவு ஒன்றுதான் இருந்தது. பள்ளியிலும் இதேதானாம். டீச்சரின் கைகளைப் பார்க்காமல் பின்னாலேயே பார்த்தால் காது கேட்காத பிள்ளை எப்படிப் பாடம் படிக்கும்? எந்தத் தேர்வையும் அவளால் எழுத முடியவில்லை. இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் நாள் நஸ்ரீன் எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு எழுந்து, ரித்திகாவிடம் அனுமதி கேட்டு, அவள் நாற்காலியை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டாள். உட்காரச் சொன்னாள்.

முதுகு சுவரில் பட்டது. இனி பின்னால் யாரும் வர முடியாது.

கொஞ்ச நேரத்தில் ரித்திகாவின் வலது கை அக்குளிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

பிடரியைத் தட்டுவது யார்

அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் அம்மாவின் மரணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. “அம்மா உன்ன எப்டி கூப்பிடுவாங்க?” என்று கேட்டாள் நஸ்ரீன்.

தரையைக் காலால் தட்டுவாராம். அதிர்வு பாதத்தில் தெரியுமாம். பக்கத்தில் இருந்தால் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பாராம். அவசரமென்றால் கையில் இருக்கும் வெங்காயத்தையோ பூண்டுப் பல்லையோ தூக்கி எறிவாராம். ஒருமுறை கத்தரிக்காய் வந்து தலையில் விழுந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஐந்து மாதத்துக்கு முந்தைய பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் சைகை தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பள்ளிக்கு வந்து கற்றிருக்கிறார். அப்பா ஏழுமலை அரிசி ஆலையில் வேலை செய்பவர். ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘வா’ மூன்றும் தெரியும். அம்மா போனதோடு அந்த வீட்டில் மகளுக்கு மொழியே இல்லாமல் போய்விட்டது.

பிறகு ஒருநாள் நஸ்ரீன் கேட்டாள்: “பின்னாடி பாருன்னு உங்கிட்ட சொல்றது யாரு?”

எனக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டது. ரித்திகாவுக்கு அப்படிப் படவில்லை. யோசித்தாள். இரண்டு விரல்களைக் குவித்துத் தன் பிடரியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். சைகை மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை. அவளே உண்டாக்கியது. தமிழில் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ‘பிடரிதட்டி’ என்றேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதன்பின் அறையில் பேச்சு மாறியது. ‘நீ ஏன் திரும்பிப் பார்க்கிறாய்’ என்பது போய், பிடரிதட்டி எப்போது வருகிறது, வந்து என்ன சொல்கிறது, எங்கே அதால் வர முடியவில்லை என்று கேள்விகள் வந்தன. பிரச்சினையைப் பிள்ளையின் உடம்பிலிருந்து பிரித்து எடுத்து எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதுபோல் இருந்தது. பிடரிதட்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் ரித்திகா காற்றில் ஓர் இடத்தைக் காட்டுவாள். அடுத்த வாரமும் அதே இடத்தைக் காட்டுவாள். ஒவ்வொரு ஆளுக்கும் காற்றில் ஓர் இடம் குறித்துவிட்டுப் பேசுவது சைகை மொழியின் இயல்பு. நஸ்ரீன் படித்த வித்தைக்கு எங்கள் மொழி ஏற்கெனவே தயாராக இருந்தது என்று தோன்றியது.

அப்பா வேலை செய்யும் ஆலைக்குப் போனால் பிடரிதட்டி வருவதில்லையாம். அங்கே தரை முழுக்க அதிர்கிறதாம். யார் நடந்து வந்தாலும் மூட்டையைப் போட்டாலும் காலுக்குத் தெரிந்துவிடுகிறதாம்.

“அப்போ உன் காலு காவலுக்கு இருக்குது” என்றாள் நஸ்ரீன்.

ரித்திகா தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள்.

நான் செய்த பிழை

ஐந்தாவதோ ஆறாவதோ சந்திப்பு. பிடரிதட்டி உன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேள்வி. ரித்திகா காதைத் தொட்டாள். தன்னைக் காட்டினாள். அம்மாவுக்குரிய சைகையைச் செய்தாள். கையை மல்லாத்திப் போட்டாள்.

மொழிபெயர்ப்பில் நாங்கள் ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்வதில்லை. அவளாகவே பேசவேண்டும். நான் சொன்னேன்: “எனக்குக் காது கேக்காது. அதனாலதான் அம்மா செத்துட்டாங்க.”

நஸ்ரீன், “இது உன்னோட பேச்சா, வேற யாருதாவதா?” என்று கேட்டாள்.

நான் அதைக் கைகளால் சொன்னதும் ரித்திகா என்னை முறைத்தாள். மறுபடி அதையே செய்து காட்டினாள், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல. இப்போதுதான் கவனித்தேன். காதைத் தொடுவதற்கு முன் அவள் தோள் ஒரு பக்கம் திரும்பியது. கண்கள் கீழ்நோக்கின, உயரமான ஒருவர் குள்ளமான ஒருத்தியைப் பார்ப்பதுபோல. தோளைத் திருப்பினால் இனிப் பேசுவது நானல்ல, இன்னொருவர் என்று அர்த்தம். சைகை மொழியின் அரிச்சுவடி அது.

அவள் சொன்னது இது: செத்த வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தங்கள் காதைத் தொட்டுக் காட்டினார்கள். கையை விரித்தார்கள். காலையிலிருந்து பிணம் எடுக்கும்வரை அவள் பார்த்தது அந்தக் காதுகளைத்தான்.

பிறந்தது முதல் தெரிந்த மொழியில் அந்தத் தோள் திருப்பத்தை நான் எப்படித் தவறவிட்டேன்? பல நாள் யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனதுக்குள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காது கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று. என் அப்பா அம்மாவோடு நாற்பது வருடம் வாழ்ந்தும் நினைத்தேன். அதனால் ஊர் சொன்னதை அவள் வாயில் வைத்துப் பேசிவிட்டேன்.

அங்கேயே சொன்னேன், கைகளாலும் வாயாலும்: “தப்பா சொல்லிட்டேன். அது உன் பேச்சு இல்ல. நான்தான் சரியா பாக்கல.”

ரித்திகா என்னையே பார்த்தாள். “பெரியவங்க யாரும் இப்டி சொன்னதில்ல” என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பொய்

அன்று வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நஸ்ரீனிடம் ஒரு பழைய சங்கதியைச் சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மா கர்ப்பமாக இருந்தார். வயிற்றில் குழந்தைக்குத் துடிப்பில்லை, நாளைக்கு வந்து சேர்ந்துவிடச் சொல்லு என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அம்மாவுக்குச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘பாப்பா தூங்குது’ என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மாவே புரிந்துகொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னைப் பொய்க்காரி என்றே நினைத்து வந்தேன். ஒரு வார்த்தையையும் மாற்றாமல் மொழிபெயர்க்கவேண்டும் என்ற பிடிவாதமே அதிலிருந்து வந்ததுதான்.

நஸ்ரீன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா அன்னைக்குத் தூங்கினாங்களாக்கா?”

“தூங்கினாங்க.”

“அதுக்கப்புறம் எத்தன நாள் தூங்கல?”

ஒன்பது வயதுப் பெண் அன்று அம்மாவுக்கு ஒரு தூக்கத்தைக் கொடுத்தாள் என்று அவள் சொல்ல வருகிறாள் என்று புரிந்தது. அதை முழுதாக ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“நீ இன்னா பண்ண?”

அதற்கடுத்த வாரம்தான் நஸ்ரீன் அந்த நாளைப் பற்றிக் கேட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அதை எல்லாரும் கேட்டாகிவிட்டது. “அன்னைக்கு நீ இன்னா பண்ண?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணல.”

“எங்க உக்காந்திருந்த?”

முன்னறையில். அறிவியல் நோட்டில் பூவின் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்.

“அப்புறம்?”

“வாசன மாறிச்சு.”

“மாறினதும்?”

இனி அவள் கைகள் நிற்கவில்லை. நான் முடிந்தவரை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

“உள்ள ஓடினேன். அம்மா கீழ கெடந்தாங்க. சட்டி கருகுது. புடவை அடுப்பு பக்கத்துல இருந்திச்சு. மொதல்ல அடுப்ப அணச்சேன். சட்டி சாஞ்சி எண்ண கையில பட்டுடுச்சு. அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன். துடிச்சுது. பக்கத்து வீடு பூட்டியிருந்திச்சு. எதிர்வீடும் பூட்டியிருந்திச்சு. ரோட்டுக்கு ஓடி நடுவுல நின்னேன். ஒரு பால் வண்டி வந்துச்சு. ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். அந்த அண்ணன் திட்டினாரு. அவரு கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்தேன்.”

நஸ்ரீன் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வண்டியில அம்மா பக்கத்துல உக்காந்தேன். கைய நெஞ்சுலேருந்து எடுக்கல. ரயில்வே கேட் தாண்டினதும் துடிப்பு நின்னுடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிதான் டாக்டர் சொன்னாரு. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். எனக்குத்தான் மொதல்ல தெரியும்.”

அந்தக் கடைசி வரியில் என் குரல் உடைந்தது. மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது. அழுதேன். நஸ்ரீன் அவசரப்படுத்தவில்லை. நான் அந்த வரியை மறுபடி முழுதாகச் சொல்லும்வரை காத்திருந்தாள்.

பிறகு கேட்டாள்: “நெஞ்சு மேல இருந்த அந்தக் கை அம்மாகிட்ட இன்னா சொல்லியிருக்கும்?”

ரித்திகா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் இங்க இருக்கேன்னு.”

இந்தக் கதை ஐந்து மாதமாக அந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கைகளைப் படிக்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

ஏழுமலை

இதை வேறு யார் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நஸ்ரீன் கேட்டாள். “அப்பா” என்றாள் ரித்திகா.

ஏழுமலை ஆலையிலிருந்து நேராக வந்தார். தலைமுடியில் தவிட்டுத் தூசி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “புள்ளைக்கு புத்தி சொல்ல வேணாம், பாராட்டவும் வேணாம். கேளுங்க. எது மனசுல பட்டுச்சோ அத்த மட்டும் அப்பறம் சொல்லுங்க” என்று நஸ்ரீன் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ரித்திகா மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். நான் குரல் கொடுத்தேன். ஏழுமலை ஆரம்பத்தில் என்னைப் பார்த்தார். பால் வண்டி வந்த இடத்தில் மகளின் கைகளுக்குப் பார்வை போனது. பிறகு அங்கிருந்து நகரவில்லை.

முடிந்ததும் அவர் தன் இடது கையை நீட்டி, கட்டைவிரலுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டார்.

“இங்க சுட்டிருந்திச்சு. நான் பாத்தேன்மா. காரியத்தன்னைக்கு பாத்தேன். ஏன்னு கேக்கல. மருந்தும் போடல.”

கையைத் தாழ்த்திவிட்டு, “பால்காரரு போன்ல ஒரு பொண்ணு வண்டிய மறிச்சிச்சுன்னாரு. தெருவுல யாரோ பொண்ணுன்னு நெனச்சேன். இவதான்னு எனக்குத் தோணவே இல்லபா” என்றார்.

நஸ்ரீன் கேட்டாள்: “கேட்டதுல எது உங்க மனசுலயே நிக்குது?”

“கை வெச்சுக்கினு இருந்தேன்னாளே, அதான்.” அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். “இவ அம்மா தனியா போயிட்டாள்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெனம் அதேதான் நெனப்பு. தனியா போவல. புள்ள கை இருந்திருக்குது.”

நான் அதைக் கைகளால் சொன்னேன், ஒரு வார்த்தையும் மாற்றாமல். ரித்திகா எழுந்து வந்து அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அறையின் நடுவில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வருஷத் திதி

ரித்திகா சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே நஸ்ரீன் ஒரு கடிதமாக எழுதிக்கொடுத்தாள். ரித்திகா அதைப் படித்து ஒரே ஒரு திருத்தம் செய்தாள். ‘உதவி கேட்டேன்’ என்றிருந்ததை அடித்து, ‘வண்டியை நிறுத்தினேன்’ என்று எழுதினாள்.

அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்பதும் அவள் முடிவுதான். அம்மாவின் வருஷத் திதிக்கு எல்லாரும் வருவார்கள், அப்பா படிக்கட்டும் என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால்? நஸ்ரீனும் நாலு தடவை கேட்டுப் பார்த்தாள். அவள் உறுதியாக இருந்தாள்.

நானும் போயிருந்தேன். படையல் முடிந்து இலை போடுவதற்கு முன் ஏழுமலை எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துத் திக்கித் திக்கிப் படித்தார். ரித்திகா கூட்டத்துக்கு எதிரே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மாளின் கை பழக்கத்தில் காதுப் பக்கம் போய், பாதியில் இறங்கியது. ஏழுமலையின் அக்கா மட்டும் எழுந்து வந்து, ரித்திகாவின் இடது கையைப் பிடித்து, தழும்பைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தக் கையை விடாமல் வைத்துக்கொண்டு சாப்பிடும் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. பிடரிதட்டி இன்னும் வருகிறதாம், தேர்வு சமயத்தில். “வந்தா வரட்டும், உக்காருன்னு சொல்லிடுவேன்” என்கிறாள். அந்த வருடம் தேறினாள். படிப்பை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை.

நஸ்ரீனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் அந்தப் பெண்ணுக்கு எந்தத் தைரியத்தையும் ஊட்டவில்லை. இருந்த தைரியத்தைக் கேட்டு வாங்கினாள். எத்தனையோ பெரிய படிப்பாளிகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். கேட்பதை ஒரு தொழிலாக இத்தனை சுத்தமாகச் செய்தவரை வேறு எங்கும் பார்த்ததில்லை.

கடைசிச் சந்திப்புக்கு நான் வழக்கம்போலப் போனேன். அப்பாவும் மகளும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஏழுமலை சில மாதங்களாக மகளிடமே சைகை கற்றுக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கித் தடித்த விரல்கள். பாதிச் சைகை பிசகும்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ரித்திகா என்னைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள்: “ஆன்ட்டி, இன்னைக்கு நீங்க வெளிய இருங்க. அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

நஸ்ரீனும் எழுந்து என்னோடு வெளியே வந்துவிட்டாள்.

கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே நாலு கைகள் அசைவது தெரிந்தது. சைகை தெரிந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது ஒட்டுக்கேட்பது. இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்து நின்றோம். முக்கால் மணி நேரமாயிற்று. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.